எருசலேமில் ஓர் ஒப்பாரி

என் மனைவிக்கு ஒப்பாரி வைக்கத் தெரியும் என்பது எனக்கு எருசலேமில்தான் தெரிந்தது. அதுவும் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, எங்கள் சபைக் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஒரு கோயிலுக்குள்.

தேனி பஜாரில் எனக்குச் சொட்டுநீர்க் குழாய்க் கடை. பைப், மோட்டார், வால்வு, ஃபில்டர் எல்லாம் வைத்திருக்கிறேன். சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் உள்ள தோட்டக்காரர்கள் வாடிக்கை. அப்பா காலத்திலிருந்தே நாங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். எங்கள் சபையில் எல்லாம் அளவாக இருக்கும். பாட்டு அளவு, ஜெபம் அளவு, அழுகையும் அளவு. சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று கீர்த்தனை பாடுவோம். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்வோம். மாரில் அடித்துக்கொண்டு ராகம் போட்டு அழுவது நம்பிக்கையில்லாத சனங்கள் செய்கிற காரியம் என்று ஞாயிறு பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

என் மனைவி ஆண்டிபட்டியைத் தாண்டி ஒரு மானாவாரிக் காட்டு ஊர்க்காரி. அவளுடைய அப்பா காலத்தில்தான் அந்தக் குடும்பம் சபைக்கு வந்தது. தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் இந்து வீடுகள். அந்தத் தெருவின் நல்லது கெட்டதைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். கோயில் பாடகர் குழுவில் மட்டும் அவள் குரல் தனியாகக் கேட்கும்.

எங்களுக்கு ஒரே மகள். மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. காய்ச்சல் என்று விடுமுறைக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தாள். டெங்கு என்றார்கள். மறுபடி மதுரைக்கே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் மனைவி கீழே இறங்கினாள். இறங்கியதும் வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. என் அக்கா ஓடிவந்து அவளை இழுத்துத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆத்தா, கத்தாத. பிள்ள ஆண்டவருகிட்டப் போயிருக்கு. நம்ம அப்படி அழுகக் கூடாது."

அந்தச் சத்தம் அக்காவின் தோளிலேயே நின்றுவிட்டது. சபையைச் சேர்ந்த டாக்டர் ஒருவர், இவள் தாங்கமாட்டாள் என்று தூங்குவதற்கு ஊசி போட்டார். அவள் தூங்கிய நேரத்தில் சபைப் பெண்கள் பிள்ளையைக் குளிப்பாட்டி, வெள்ளை கவுன் போட்டு, தலையில் பூ வைத்துப் பெட்டியில் கிடத்தினார்கள். எழுந்ததும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தோம். அவள் மகளின் நெற்றியை ஒருதரம் தடவினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"என்னா விசுவாசம் பாருங்க" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அடக்க ஆராதனையில் அப்போதிருந்த போதகரும் அதையே சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை, சொல்லவுமில்லை. நானும் அப்படியே நம்பினேன். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து மகளின் பெயரே வந்ததில்லை. சனிக்கிழமைகளில் ஹாலில் இருக்கும் படத்தைத் துடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பாடுவாள். கடையிலிருந்து வந்தால் சோறு போடுவாள். பதினோரு வருஷம் இப்படியே போனது. ஆண்டவர் கொடுத்த சமாதானம் என்று முழங்காலில் நின்று நன்றி சொன்னவன் நான்.

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம், எங்கள் போதகர் புனித பூமிப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார். போடிக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். நல்ல மனிதர், கொஞ்சம் பரபரப்பு. சின்ன வயதில் ஞாயிறு பள்ளிச் சுவரில் ஒரு துணி வரைபடம் தொங்கும். கலிலேயாக் கடல் நீலமாக, சவக்கடல் கருநீலமாக, இரண்டுக்கும் நடுவே யோர்தான் ஒரு பெரிய பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு இருக்கும். அதைப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை எனக்கு அப்போதிருந்தே உண்டு. மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க போனா வாரேன்" என்றாள்.

எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி கொடுத்தார்கள், கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க. பெண்கள் பருப்புப் பொடி, முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மா எலக்ட்ரிக் குக்கரே கொண்டுவந்தார். மதுரையில் விமானம் ஏறும்போதே பாட ஆரம்பித்துவிட்டோம்.

போய் இறங்கியதிலிருந்து எனக்கு ஒவ்வொன்றும் திகைப்பாகத்தான் இருந்தது. யோர்தான் கரையில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கி ஓடினேன். பார்த்தால், நம்ம பதினெட்டாம் கால்வாய் அளவுக்குக் கலங்கலாக ஒரு தண்ணீர் நாணல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. வீரபாண்டியில் முல்லையாறு இதைவிட அகலம். எதிர்க்கரை வேறு நாடாம், அங்கே ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"இதுவா யோர்தான்?" என்றேன்.

"தண்ணிதான? எங்கன ஓடுனாலும் தண்ணிதான்" என்றாள் என் மனைவி. குனிந்து காலை நனைத்துக்கொண்டாள்.

எருசலேம் அதைவிட. ஆண்டவர் சிலுவை சுமந்துபோன தெரு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் கடை. பிளாஸ்டிக் பொம்மை, மசாலாப் பொடி, உள்பனியன், கைப்பேசி உறை. ஒருவன் எங்களைப் பார்த்து "இந்தியா, இந்தியா, கம் கம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். நாங்கள் அந்தச் சந்தடிக்குள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டு போனோம். நானே பஜார்க்காரன், கடை பார்த்து முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இடறிக்கொண்டே வந்தது.

ஒரு முக்கில் பட்டாளத்துக்காரர்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி பெண் பிள்ளை. பின்னல் போட்டு முன்னால் விட்டிருந்தாள். தோளில் அவள் உயரத்துக்குப் பாதி ஒரு துப்பாக்கி. ஒரு கையில் ஐஸ்கிரீம். தோழியிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை இவள் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, கையை லேசாக அசைத்தது.

"எத்தன வயசு இருக்கும்ங்க?"

"பதினெட்டு, பத்தொம்பது இருக்கும். இங்கன எல்லாப் பிள்ளைகளும் பட்டாளத்துக்குப் போகணுமாம்."

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் தெருவில் வைத்து அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தரம். கூட்டம் அதிகம் என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடமும் கல்லறையும் ஒரே கூரைக்குள் இருக்கிற பெரிய கோயில் அது. வாசலில் நிறுத்திப் போதகர் எங்களிடம் சொன்னார்:

"உள்ள நெறைய சடங்கு நடக்கும். மெழுகுவத்தி, சாம்பிராணி எல்லாம் இருக்கும். நாம பாத்துட்டு வந்துருவோம். தொட்டுக் கும்பிடுறது, விழுந்து முத்தம் போடுறது எல்லாம் நமக்கு வழக்கமில்ல."

உள்ளே நுழைந்தவுடன் தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு கல். செம்பழுப்பு நிறம். மேலே வரிசையாக விளக்குகள் தொங்கின. பெண்கள் கல்லைச் சுற்றி முழங்காலில் இருந்தார்கள். சிலர் தைலத்தை ஊற்றி, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். பின்னால் சுவரில் பெரிய படம், இறந்துபோன ஆண்டவரைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டு நிற்பதாக. வழிகாட்டி இங்கிலீஷில் சொல்லச் சொல்லப் போதகர் தமிழில் சொன்னார்.

"ஆண்டவர சிலுவையில இருந்து எறக்கி, இந்தக் கல்லு மேல கெடத்தி, கழுவி, வாசனத் தைலம் பூசித் துணி சுத்துனாகன்னு இவுக நம்புறாக. வேதத்துல இந்தக் கல்லப் பத்தி எழுதல."

"யாருங்கய்யா கழுவுனா?" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டத்தில் என் மனைவி கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"அவரு கூட இருந்தவுகதான்க்கா."

"அவுக ஆத்தா இருந்தாகளா?"

"இருந்திருப்பாக. படத்துல அப்படித்தான் வரைஞ்சிருக்காக."

"பெத்தவளக் கழுவ விட்டாகளா?"

போதகர் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, விடாமயா?" என்று சொல்லிவிட்டு, வலது பக்கம் இருந்த படிக்கட்டுப் பக்கமாக எல்லாரையும் கையாட்டிக் கூப்பிட்டார். மேலே ஏறினால் கொல்கொதா, சிலுவை நின்ற இடம். நானும் அவர் பின்னால் நடந்தேன். படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் அவள் இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

முதலில் எனக்கு யார் என்று புரியவில்லை. வேறு ஏதோ நாட்டுக்காரர்கள் பாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு தமிழ் காதில் விழுந்தது. எங்கள் பக்கத்துத் தமிழ். மகளின் பெயர் காதில் விழுந்தது. அந்தப் பெயரைச் சொல்லி, நீட்டி, உடைத்து, மறுபடி நீட்டி, யாரோ கூப்பிட்டார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். என் மனைவி கல்லின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். ஆரஞ்சுத் தொப்பி ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. கொண்டை அவிழ்ந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள், இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டாள், மறுபடி கல்லைத் தடவினாள். தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டுவது மாதிரியே, தலையிலிருந்து கால்வரைக்கும்.

"பாலூட்டி வளத்த பொன்ன
பச்சத் தண்ணி ஊத்திக் கழுவ
பெத்தவ நானிருக்க
பேர் தெரியாக் கை கழுவுச்சே…

ஊசி போட்டு ஒறங்க வச்சு
ஒன்னச் சோடிச்சுக் கெடத்துனாக
ஆசக் கிளியே ஒம் மேலு சூட்ட
அள்ளிப் பாக்கலையே ஆத்தா நான்…"

பிள்ளையைக் குளிப்பாட்டியவர்கள் யாரோ அல்ல, எங்கள் சபைப் பெண்கள். அதில் இரண்டு பேர் அங்கேயே தொப்பி போட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் வெளுத்துவிட்டது. ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்டபோது தலையை ஆட்டியவன் நான். அவள் தாங்கமாட்டாள் என்றுதான் ஆட்டினேன். அவள் தாங்கிக்கொண்டிருந்தது வேறு எதையோ என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் சுவரில் இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டினாள்.

"ஒம் மகன ஒம் மடியில
ஒப்படச்சாக மரியாத்தா
எம் மகளப் பொட்டியில வச்சு
எனக்குக் காட்டக் கூப்புட்டாக…"

மரியாளைப் பற்றி எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் நாடகத்தோடு சரி. போதகர் படியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "அக்கா, அக்கா, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாக" என்று அவள் தோளைத் தொடப் போனார். அதற்குள் இன்னொரு கை அங்கே விழுந்தது.

வெள்ளைத் துணி போர்த்திய ஒரு ஆப்பிரிக்கப் பெண். எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள் என்று வழிகாட்டி பிறகு சொன்னான். என் மனைவியைவிடப் பெரியவள். கன்னத்தில் பச்சை குத்தியிருந்தாள். அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, என் மனைவியின் தோளில் கையைப் போட்டு, தலையோடு தலையை முட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் முன்னும் பின்னும் ஆடினார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் சாவு வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு ஆடுவார்களே, அப்படியே. அவள் அவளுடைய பாஷையில் என்னவோ முனகினாள். இன்னும் இரண்டு மூன்று பேர் அவள் கூட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாள் தன் தைலப் புட்டியைத் திறந்து என் மனைவியின் உள்ளங்கையில் ஊற்றினாள். என் மனைவி அதைக் கல்லில் பூசினாள். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பூசினாள்.

கறுப்பு அங்கி போட்ட சாமியார் ஒருவர் தாடியும் தானுமாக வேகமாக வந்தார். சரி, வெளியே தள்ளப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பின்னாலிருந்து முட்டிக்கொண்டு வந்த கூட்டத்தை இரண்டு கையாலும் தடுத்தார். அவ்வளவுதான் செய்தார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் கொல்கொதாவுக்கு ஏறி இறங்கி வந்துவிட்டார்கள். நான் ஏறவே இல்லை. அத்தனை தூரம் போயும் அந்த இடத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. யாரோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன் என்கிற பயம்.

அவளாகவே எழுந்தாள். அந்த எத்தியோப்பியப் பெண் இவள் கூந்தலைச் சுற்றிக் கொண்டை போட்டுவிட்டாள், தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன பாஷை இருக்கிறது? என் மனைவி என்னிடம் வந்தாள். முகம் வீங்கி, கண் சிவந்து, மேலெல்லாம் தைல வாசம்.

"பசிக்குதுங்க" என்றாள்.

"என்னது?"

"பசிக்குது. ஏதாச்சும் வாங்கித் தாங்க."

வெளியே தள்ளுவண்டியில் எள் ஒட்டிய வளையல் மாதிரி ஒரு ரொட்டி விற்றான். ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே முழுசாகத் தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

பஸ்ஸில் யாரும் எங்களோடு பேசவில்லை. பாட்டும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டலில் ஜெபக்கூட்டம். ஒரு அம்மா என் காதுபடவே, "அந்தக் கல்லுல என்னமோ இருக்கு. எது ஏறுச்சோ" என்றார். அந்தப் பேச்சு அதற்குள் சுற்றி வந்துவிட்டது. போதகர் சங்கடத்தோடு என் மனைவியை நடுவில் உட்காரச் சொன்னார். தலையில் கை வைத்து, "இந்தச் சகோதரியைப் பிடித்திருக்கிற எந்தப் பொல்லாத ஆவியானாலும்" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டிருக்கலாம், குறுக்கிடவில்லை. என் மனைவி அவருடைய கையை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள். கோபம் இல்லை.

"பேய் இல்லங்கய்யா" என்றாள். "பிள்ள."

போதகர் அப்படியே நின்றார். பிறகு "ஆமென்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

அறைக்குப் போனதும் அவளிடம் கேட்டேன்: "இதெல்லாம் எப்பக் கட்டுன? அங்கனயே வந்துச்சா?"

அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எப்பவும் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அரிசி களையும்போது, பாத்திரம் வெளக்கும்போது. கோயில்ல பாடும்போதுகூட அடியில அது ஓடும். வெளிய வந்ததில்ல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்றதுக்கு அது பேச்சு இல்லையே" என்றாள். படுத்தவுடன் தூங்கிவிட்டாள். குறட்டை விட்டாள். அதுவும் எனக்குப் புதிது.

அதற்குப் பிறகு எகிப்துக்குப் போனோம். பிரமிடு முன்னால் ஒட்டகத்தோடு நிற்கிற போட்டோ இருக்கிறது. எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ஊருக்கு வந்த பிறகு என்னால் பல வாரம் ஜெபம் பண்ண முடியவில்லை. முழங்காலில் நிற்பேன், வார்த்தை வராது. இத்தனை வருஷம் எதற்கு நன்றி சொன்னேன்? சமாதானம் என்று நான் பெயர் வைத்தது ஒரு வாய்ப்பூட்டு. அதை ஆண்டவர் கொடுத்தார் என்று அவர் தலையிலேயே கட்டியிருக்கிறேன். கடையில் உட்கார்ந்து யாருக்கோ பைப் அளந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று எருசலேம் கோயில் சுவரில் இருந்த அந்தப் படம் கண்ணில் வரும். அந்தத் தாய்க்கும் ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தால் என்று தோன்றும். இப்போது மறுபடி ஜெபிக்கிறேன். ரொம்பச் சுருக்கமாக. தெரிந்த மாதிரி ஒன்றும் சொல்வதில்லை.

பயணம் போய் வந்தவர்கள் சாட்சி சொல்லும் ஞாயிறு வந்தது. ஒவ்வொருவராக யோர்தான் தண்ணீரையும் ஒலிவ எண்ணெயையும் பற்றிச் சொன்னார்கள். என் மனைவியைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். போதகர் கூப்பிட்டார். அவள் போய் நின்று, மைக்கைப் பிடிக்காமலேயே சொன்னாள்:

"நான் அங்கன போயி அழுதேன். எம் பிள்ளைக்காக. அழுதா ஆண்டவர் கோவிச்சுக்கிடல. அம்புட்டுத்தான்."

வந்து உட்கார்ந்துவிட்டாள். என் அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தினாள். "ஊரக் கூட்டி மானத்த வாங்கிட்டா. நான் அன்னைக்கு அமத்துனது அவ நல்லதுக்குத்தான? இப்ப நான் பாவியாகிட்டேன்ல?" என் மனைவி உள்ளேயிருந்து காப்பியோடு வந்தாள். "ஒங்கள ஒண்ணும் சொல்லல மதினி" என்றாள். அக்கா காப்பியைக் குடிக்காமல் போனாள். வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லை.

கொரோனா முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், காலையில் குளிக்கப் போன இடத்தில் மாரடைத்து இறந்துபோனார். நாங்கள் போனபோது சபை ஆட்கள் வந்துவிட்டார்கள். பெட்டிக்குச் சொல்லியாயிற்று. இரண்டு பேர் மச்சானைக் குளிப்பாட்ட வாளியோடு நின்றார்கள். அக்கா கல் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரைக் கூப்பிடலாமா என்று யாரோ என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

என் மனைவி நேரே அக்காவிடம் போய்க் குனிந்தாள்.

"மதினி, நீங்க கழுவுறீகளா?"

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் சபையில் புருஷனைப் பெண்டாட்டி குளிப்பாட்டுகிற வழக்கம் இல்லை. இப்போது கத்தப் போகிறாள் அக்கா என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அழுக வரல ஆத்தா."

"வராட்டிப் போகுது. அழுகச் சொல்லல."

அக்கா எழுந்தாள். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போதகர் வந்து சேர்ந்தார். கீர்த்தனை ஆரம்பிக்கலாமா என்று கேட்டவர்களிடம், "இருங்க, அவுக வரட்டும்" என்று சொல்லி வாசலில் வேதப் புத்தகத்தோடு நின்றார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இடையில் அக்காவின் குரல், மச்சானைத் திட்டுகிற மாதிரி: "முதுகக் காட்ட மாட்டீகளே, எப்பவும் இப்படித்தான், முதுகக் காட்ட மாட்டீக." அழுகை இல்லை. கதவைத் திறந்து வந்தபோது அக்காவின் சேலை இடுப்புவரைக்கும் நனைந்திருந்தது. போதகரைப் பார்த்து, "இப்பப் பாடுங்கய்யா" என்றாள்.

அக்கா இன்றைக்கும் ஒப்பாரி வைத்தது கிடையாது. ஆனால் படம் துடைக்கிற சனிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் மனைவி இப்போது மகளைப் பற்றிப் பேசுகிறாள். நினைத்த நேரத்தில், சாப்பாட்டுக்கு நடுவில், டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது. போன வாரம் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு தோட்டக்காரர் பன்னீர் திராட்சை கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துவந்து மேசையில் வைத்து, "பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும்ல" என்றேன். மகள் உயிரோடு இருந்தபோது சீசன் முழுக்க வாங்கிவந்து கொடுத்திருக்கிறேன்.

என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க பிடிக்கும்? கொட்டை நாக்குல குத்துதும்பா. நீங்க கடைக்குப் போனதும் பூராத்தையும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் போட்டுருவா. அப்பாகிட்டச் சொல்லிராதம்மான்னு கையப் பிடிச்சுக் கெஞ்சுவா."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. எத்தனை வருஷம், எத்தனை கிலோ. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, என்ன நடக்கிறது என்று தெரியுமுன்னே நான் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தேன், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், எச்சில் கையோடு.

அவள் என்னைத் தடுக்கவில்லை. அழுது முடியும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற என்னெல்லாம் இருக்கு?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நெறைய இருக்கு" என்றாள். "சாப்புடுங்க, சொல்றேன்."